வெள்ளிக்கிழமை வீட்டுப் பாட்டி

நம் வாட்ஸ்அப் குழுவில் சில வாரங்களுக்கு முன் நடந்த விவாதம் நினைவிருக்கும். மாலையில் ஒரு குழந்தை வயலின் சாதகம் செய்வது தொந்தரவு என்றார்கள் சிலர். டிவி சத்தத்தை விட இது மேல் என்றார்கள் சிலர். கடைசியில் ஏழரை மணிக்குள் முடிப்பது என்று சுமுகமாகத் தீர்ந்தது. அதைப் படித்தபோது, நம் சென்னையின் ஜார்ஜ் டவுனில் நூறு வருடங்களுக்கு முன் இருந்த ஒரு வீடு என் ஞாபகத்துக்கு வந்தது. அந்த வீட்டின் தலைவி ஒரு பாட்டி. பெயர் வீணை தனம்மாள்.

தனம்மாள் பிறந்தது 1867-ல். அவருடைய பாட்டி காமாட்சி அம்மாள் தஞ்சாவூர் அரசவையில் ஆடியவர். தாயார் சுந்தரம்மாள் பாடகி. தேவதாசி மரபில் வந்த குடும்பம் அது. அந்தக் குடும்பங்களில் கலையும் பெயரும் சொத்தும் தாய்வழியாகத்தான் வரும்; சம்பாதிப்பதும் வீட்டை நடத்துவதும் பெண்களே. தனம்மாள் சாத்தனூர் பஞ்சநதய்யரிடம் முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளைக் கற்றார். பாலதாஸ் நாயுடுவிடம் க்ஷேத்ரக்ஞரின் தெலுங்குப் பதங்களைக் கற்றார். ஜாவளிகள் இயற்றிய தர்மபுரி சுப்பராயர் அந்தக் குடும்பத்துக்கு நெருங்கியவர்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் ராமகிருஷ்ணா தெரு வீட்டில் தனம்மாள் வீணை வாசிப்பார். மீட்டுவதற்கு வளையம் எதுவும் கிடையாது, வெறும் விரல்தான். வாசித்துக்கொண்டே மெதுவாகப் பாடுவார். கேட்க வந்தவர்களில் பெரிய வித்வான்களும் உண்டு. பேச்சுச் சத்தம் கொஞ்சம்கூடக் கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம். நம் அசோசியேஷன் விதிகளை விடக் கண்டிப்பானது! வயதான காலத்தில் பார்வை மங்கிய பிறகும் வீணை நிற்கவில்லை.

பணக்கார வீடு என்று நினைத்துவிட வேண்டாம். இத்தனை புகழ் இருந்தும் பணக்கஷ்டம் அந்தக் குடும்பத்தை விட்டு விலகவே இல்லை.

தனம்மாளுக்கு நான்கு மகள்கள்: ராஜலட்சுமி, லட்சுமிரத்னம், ஜயம்மாள், காமாட்சி. காமாட்சியின் பெண்கள்தான் பிற்காலத்தில் புகழ்பெற்ற பிருந்தாவும் முக்தாவும். ஜயம்மாளின் பிள்ளைகள் பாலசரஸ்வதி, மிருதங்கம் வாசித்த ரங்கநாதன், புல்லாங்குழல் வாசித்த விஸ்வநாதன். இந்தப் பேரக்குழந்தைகளுக்குச் சங்கீதம் என்பது தனியாக வகுப்புக்குப் போய்க் கற்கும் விஷயம் அல்ல. தூங்கும்போதும் சாப்பிடும்போதும் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

அந்தப் பாட்டி எடுக்க வேண்டியிருந்த ஒரு கடினமான முடிவும் உண்டு. பாலசரஸ்வதி நடனம் கற்க ஆசைப்பட்டபோது காலம் மாறிக்கொண்டிருந்தது. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்ற குரல் வலுத்து வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1920-களின் பிற்பகுதியில் அதைச் சட்டசபைக்குக் கொண்டுவந்தார். முழுச் சட்டம் 1947-ல் வந்தது. சிறு பெண்களைக் காப்பாற்ற அந்தச் சட்டம் தேவைப்பட்டது. ஆனால் அதோடு வந்த ஏளனப் பேச்சு, கலையையே தொழிலாகக் கொண்டு கௌரவமாக வாழ்ந்த குடும்பங்கள் மீதும் விழுந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் பேத்தியை மேடை ஏற்றுவதா? வீட்டிலேயே தயக்கம் இருந்தது. தனம்மாளுக்கும் இருந்தது. ஆனாலும் கடைசியில் சம்மதித்தார். 1925-ல் ஏழு வயது பாலசரஸ்வதியின் அரங்கேற்றம் காஞ்சிபுரத்தில் நடந்தது.

1938-ல் தனம்மாள் காலமானார். அப்போது அவருக்கு 71 வயது. அந்தக் காலத்துக்கு அது நீண்ட ஆயுள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1973-ல் பாலசரஸ்வதிக்கும், 1976-ல் பிருந்தாவுக்கும், 1988-ல் விஸ்வநாதனுக்கும் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் கிடைத்தது. பாலசரஸ்வதியைப் பற்றி சத்யஜித் ரே 1976-ல் 'பாலா' என்ற ஆவணப்படம் எடுத்தார். ரங்கநாதனும் விஸ்வநாதனும் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமியும் பிருந்தாவிடம் பதங்கள் கற்றவரே. ராமகிருஷ்ணா தெருவில் ஒரு பாட்டி காப்பாற்றி வைத்தது கடல் கடந்து போய்விட்டது.

தனம்மாள் வாசித்ததில் நமக்கு மிஞ்சியவை 1930-களில் பதிவான சில கிராமபோன் தட்டுகள் மட்டுமே. ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம். யூடியூபில் தேடினால் கிடைக்கும். கரகரப்பாகத்தான் இருக்கும், ஹெட்போன் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கேளுங்கள்.

இதை எழுதும்போது என் சொந்தப் பாட்டியை நினைத்துக்கொண்டேன். ஆட்டுக்கல்லில் மாவு அரைக்கும்போது ஒரு பாட்டு பாடுவார். முதல் இரண்டு வார்த்தைதான் எனக்கு நினைவிருக்கிறது. அம்மாவுக்கு ஒரு வரி நினைவிருந்தது. இப்போது அம்மாவும் இல்லை. பாட்டி இருந்தபோதே எங்கள் வீட்டில் டேப் ரெக்கார்டர் இருந்தது. அதில் சினிமாப் பாட்டு மட்டும்தான் பதிந்தோம்.

நம் குடியிருப்பில் எண்பது வயதைத் தாண்டிய பாட்டிகளும் தாத்தாக்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். சாயங்காலம் பூங்கா பெஞ்சில் தினமும் பார்க்கிறோம், "சௌக்கியமா" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இந்த வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். பாட்டோ, ஊர்க் கதையோ, வத்தக்குழம்பு செய்முறையோ, அவர்கள் சொல்வதைப் போனில் பதிந்து வையுங்கள். அடுத்த இதழுக்கு அதில் ஒன்றை எழுதி அனுப்பினால் சந்தோஷமாகப் போடுவோம்.

அந்த வயலின் குழந்தைக்கும் ஒரு வார்த்தை: ஏழரை மணி வரை தாராளமாக வாசி கண்ணா.