வெட்டவெளி வேட்டையும் லீவர் ரைஃபிளும்

விசையைக் காக்கும் வளையமே நெம்புகோலாக நீண்டிருக்கும் துப்பாக்கி லீவர் ரைஃபிள். அந்த நெம்புகோலைக் கீழே தள்ளினால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே தெறிக்கும். மேலே இழுத்தால் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். 1860-இன் ஹென்றி ரைஃபிளில் தொடங்கி வின்செஸ்டர், மார்லின், சாவேஜ், பிரௌனிங் எனப் பல நிறுவனங்கள் இதைச் செய்திருக்கின்றன. வயோமிங், மொன்டானா போன்ற அமெரிக்க மேற்கு மாநிலங்களின் புல்வெளிகளில் ப்ராங்ஹார்ன், மியூல் மான், எல்க் ஆகியவற்றைச் சட்டப்படி வேட்டையாடுவோர் சிலர் இன்றும் இதை விரும்பிச் சுமக்கிறார்கள். ஒளிய மரமில்லாத அந்த நிலத்தில் 200, 300 கெஜத் தூரத்தில் சுட நேர்வது இயல்பு. ‘அவ்வளவு தூரத்துக்கு லீவர் ரைஃபிள் ஆகாது’ என்பது பரவலான கருத்து. அதில் பாதி உண்மை. தூரத்தைக் குறுக்குவது நெம்புகோல் அல்ல; பெரும்பாலான லீவர் ரைஃபிள்களில் குழலுக்கு அடியில் ஓடும் தோட்டாக் குழாய்தான். ஆகவே வெட்டவெளிக்கு ரைஃபிள் தேர்ந்தெடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, தோட்டாக்கள் அதில் எப்படி அடுக்கப்படுகின்றன என்பதையே.

குழாயும் குண்டின் மூக்கும்

குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் உள்ள குண்டின் மூக்கு, முன்னால் உள்ள தோட்டாவின் பிரைமரை, அதாவது வெடியைத் தூண்டும் சிறு மூடியை, முட்டிக்கொண்டிருக்கும். மூக்கு கூராக இருந்தால் ஒவ்வொரு வெடியின் பின்னுதைப்பிலும் அது பிரைமரைக் குத்தி, தோட்டா குழாய்க்குள்ளேயே வெடிக்கக்கூடும். இந்த அபாயத்தைத் தவிர்க்கவே குழாய் ரைஃபிள்களுக்குத் தட்டையான அல்லது மழுங்கிய மூக்குக் குண்டுகள் வந்தன. மழுங்கிய மூக்கு பக்கத்தில் நிற்கும் விலங்கை நன்றாகவே வீழ்த்தும். ஆனால் காற்றைக் கிழித்துப் போவதில் பின்தங்கிவிடும். 1895-இல் அறிமுகமாகி, வின்செஸ்டர் 94-உடன் பெயர் பெற்ற .30-30 தோட்டாவையும், இன்று தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பெட்டி வைத்த ரைஃபிள்களில் கூர்மூக்குக் குண்டோடு சாதாரணமாகப் புழங்கும் .308 தோட்டாவையும் ஒப்பிட்டால் இது புலப்படும். இரண்டிலும் 150 கிரெய்ன் எடையுள்ள குண்டையே எடுத்துக்கொள்வோம். முந்தையது குழலை விட்டு விநாடிக்கு 2,390 அடி வேகத்தில் புறப்பட்டு 300 கெஜத்தில் சுமார் 1,300 அடி வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. பிந்தையது 2,820 அடியில் புறப்பட்டு அதே தூரத்தில் சுமார் 2,000 அடி வேகத்தைத் தக்கவைத்துக்கொள்கிறது. அந்த இடத்தில் குண்டு சுமக்கும் ஆற்றல் முந்தையதில் சுமார் 565 அடி-பவுண்டு, பிந்தையதில் 1,340 அடி-பவுண்டு.

ஆற்றலைவிடப் பாதையே வேட்டைக்காரரை அதிகம் சோதிக்கும். இரண்டு ரைஃபிள்களையும் 200 கெஜத்தில் குறிக்கு நேராக அமைத்தால், 300 கெஜத்தில் .308 குண்டு எட்டு ஒன்பது அங்குலம் தாழும்; .30-30 குண்டு ஏறத்தாழ 20 அங்குலம் தாழும். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே காற்றடித்தால் .308 குண்டு சுமார் 10 அங்குலமும் .30-30 குண்டு சுமார் 24 அங்குலமும் விலகும். புல்வெளியில் காற்று ஓய்வதும் அரிது. அதன் வேகத்தைக் கண்ணால் சரியாக அளப்பதும் கடினம். ப்ராங்ஹார்னின் மார்பில் உயிர்நிலை இருக்கும் வட்டமோ ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிதல்ல. கணிப்பில் வரும் சிறு பிழையைப் பாதியாக்கும் குண்டு, விலங்கைக் காயத்தோடு ஓடவிடும் வாய்ப்பையும் குறைக்கிறது. கூர்மூக்குக் குண்டின் சிறப்பு அதிக தூரம் போவதில் மட்டும் இல்லை. சுடுபவரின் பிழையைப் பொறுத்துக்கொள்வதிலும் இருக்கிறது.

வரலாறு தரும் சான்று

லீவர் ரைஃபிளின் இந்தத் தூரக் குறையைத் தொடக்க காலத்தவரும் உணர்ந்திருந்தார்கள். 1870-களில் பெருஞ்சமவெளியில் பைசன்களைச் சுட்டுக் குவித்த தொழில்முறை வேட்டைக்காரர்கள் பெரிதும் நம்பியது, ஒவ்வொரு முறையும் கையால் தோட்டா நிரப்ப வேண்டிய ஷார்ப்ஸ் போன்ற ஒற்றைவெடி ரைஃபிள்களைத்தான். வின்செஸ்டர் 1873 அப்போதே கிடைத்தது. ஆனால் அதன் முழங்கால்மூட்டு போன்ற பூட்டு, 40 கிரெய்ன் கரிமருந்தும் 200 கிரெய்ன் குண்டும் கொண்ட .44-40 போன்ற சிறு தோட்டாக்களையே தாங்கும். ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1886 மாடல் வலுவான செங்குத்துப் பூட்டைக் கொண்டுவந்து .45-70 போன்ற பெரிய தோட்டாக்களுக்கு வழிதிறந்தது. பூட்டின் சிக்கல் தீர்ந்தது. குழாய் அப்படியே இருந்தது.

பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1895 மாடல் குழாயை விட்டுவிட்டு, விசைக்கு முன்னால் நிலையான பெட்டியை வைத்தது. தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனதும், பெங்களூருவைச் சேர்ந்த கென்னத் ஆண்டர்சன் இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்து ஜவளகிரி போன்ற காட்டுப் பகுதிகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிச் சுமந்ததும் இந்த மாடல்தான்; இருவரும் பயன்படுத்தியது .405 தோட்டா. புதருக்குள் சில கெஜத் தூரத்தில் பாயும் புலியை நிறுத்த, அதன் 300 கிரெய்ன் மழுங்கல் குண்டு பொருத்தமானது. அதே ரைஃபிளில் .30-06 தோட்டாவின் கூர்மூக்குக் குண்டையும் சுடலாம். பெட்டி என்பது ஒரு வாய்ப்பு. அதைப் பயன்படுத்தும் தோட்டாவைத் தேர்வது வேட்டைக்காரரின் பொறுப்பு. (1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் இந்தியாவில் இத்தகைய வேட்டைக்கு இடமில்லை.)

ஜமைக்காவில் பிறந்த ஆர்தர் சாவேஜின் 1899 மாடல் (பின்னாளில் சாவேஜ் 99) இன்னும் ஒருபடி மேலே போனது. அதில் தோட்டாக்கள் சுழலும் உருளையில் ஒன்றையொன்று முட்டாமல் தனித்தனியே உட்காரும். 1915-இல் அதற்கென வந்த .250-3000 தோட்டா, 87 கிரெய்ன் குண்டை விநாடிக்கு 3,000 அடி வேகத்தில் அனுப்பி, அந்த வேகத்தையே தன் பெயரிலும் சேர்த்துக்கொண்டது. பின்னாளில் .300 சாவேஜும் .308-உம் இதே ரைஃபிளில் வந்தன. 1955 முதல் 1973 வரை விற்பனையில் இருந்த வின்செஸ்டர் 88, 1970-ஐ ஒட்டி வந்த பிரௌனிங் பி.எல்.ஆர்., 2016-இல் வந்த ஹென்றி லாங் ரேஞ்சர் ஆகியவை கழற்றி மாட்டும் பெட்டியும், கைப்பிடியைத் தூக்கி இழுத்து இயக்கும் போல்ட் ரைஃபிளைப் போலச் சுழன்று பூட்டும் முனையும் கொண்டவை. பி.எல்.ஆர். .300 வின்செஸ்டர் மேக்னம் வரைக்கும் தாங்குகிறது.

மறுப்புகள்

‘இப்போது குழாய்க்கும் கூர்க்குண்டு உண்டே’ என்பது முதல் மறுப்பு. ஹார்னடி நிறுவனம் மென்மையான நெகிழிமுனை வைத்த குண்டுகளைச் செய்கிறது. பிரைமரை முட்டினாலும் முனை வளைந்துகொடுக்கும். இவை .30-30-இன் பயனுள்ள தூரத்தை உண்மையாகவே நீட்டியிருக்கின்றன. வீட்டில் ஏற்கெனவே மார்லின் 336 வைத்திருப்பவருக்கு இதுவே சிக்கனமான வழி. ஆயினும் .30-30-இன் அழுத்த வரம்பு பழையதுதான், புறப்படும் வேகம் .308-ஐ எட்டுவதில்லை. குழலோடு வளையங்களால் பிணைக்கப்பட்ட குழாய், குழல் சூடேறும்போது குறியை நகர்த்தவும் கூடும். இருப்பதை மேம்படுத்த இது சரி. புதிதாக வாங்குபவருக்கு இது காரணமாகாது.

‘பெரிய விலங்குக்குப் பெரிய குண்டு’ என்று .45-70-ஐ முன்வைப்பது அடுத்த மறுப்பு. எல்க்கை அது வீழ்த்தும் என்பதில் ஐயமில்லை; ஐயமெல்லாம் குண்டு அதன்மேல் படுமா என்பதில்தான். பழைய அளவிலான 405 கிரெய்ன் தோட்டாவை 100 கெஜத்தில் குறிக்கு நேராக அமைத்தால் 300 கெஜத்தில் அது ஆறடிக்கும் மேல் தாழும். தூரத்தைக் கணிப்பதில் 50 கெஜம் பிசகினால் குண்டு இரண்டடிக்கு மேல் தவறும். பைசன் வேட்டைக்காரர்கள் இதே வகைக் குண்டுகளால் நெடுந்தூரம் சுட்டார்களே எனலாம். மேய்ந்து நிற்கும் மந்தை, தாங்குகோல், ஏற்றியிறக்கும் பார்வைக்குறி, முதல் வெடி தவறினாலும் மறுவெடிக்கு அவகாசம் ஆகியவை அவர்களுக்கு இருந்தன. ஒரே விலங்குக்கு உரிமம் பெற்று ஒரே வெடியில் முடிக்க வேண்டியவருக்கு அந்த வசதிகள் இல்லை. தூரமானியும் ஏற்றியிறக்கும் ஸ்கோப்பும் தாழ்வைச் சமாளிக்க உதவும். காற்றைச் சமாளிக்க உதவாது.

‘நெருங்கிப் போய்ச் சுடுவதுதானே வேட்டை’ என்பது மிக வலுவான மறுப்பு. பள்ளத்தையும் காற்றின் திசையையும் பயன்படுத்தி 150 கெஜத்துக்குள் தவழ்ந்து போகத் தெரிந்தவருக்கு .30-30 போதும். கொலராடோ மாநிலம் இவ்விலங்குகளுக்கு விதிக்கும் ‘100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு’ என்ற வரம்பை அது எளிதில் தாண்டுகிறது. ஆனால் இந்த மறுப்பு வாதத்தை உடைக்கவில்லை. அதன் எல்லையைத்தான் காட்டுகிறது. வெட்டவெளியை வெட்டவெளியாக ஏற்றுச் சுட வேண்டியவருக்கே பெட்டி ரைஃபிள் தேவை.

கடைசி மறுப்பு: அப்படியானால் போல்ட் ரைஃபிளையே வாங்கலாமே? வாங்கலாம். விலை குறைவு, துல்லியம் பொதுவாக அதிகம், புழுதியைத் துடைப்பதும் எளிது. புல்வெளியில் குப்புறப் படுத்துச் சுடும்போது கீழே இறங்கும் நெம்புகோல் தரையை முட்டும் என்பதும் உண்மை. லீவருக்குச் சாதகமானவை வேறு: சேணத்து உறையில் உறுத்தாத தட்டையான உடல், இடக்கையாளருக்கும் ஒரே வசதி, தோளிலிருந்து எடுக்காமலே அடுத்த வெடி. இவற்றை மதிப்பவர் குழாயையும் சேர்த்து ஏற்க வேண்டியதில்லை என்பதே இங்கே சொல்லப்படுவது.

தேர்வின் வரிசை

எனவே முதலில் தன்னால் உறுதியாகச் சுட முடிந்த தூரத்தை முடிவு செய்ய வேண்டும்; அது 150 கெஜம் என்றால் .30-30 போன்ற குழாய் ரைஃபிளே போதும். அதற்கு மேல் என்றால் கூர்மூக்குக் குண்டு, அதற்கேற்ற பெட்டி அல்லது உருளை என்ற வரிசையில் இறங்க வேண்டும். ஸ்கோப் மாட்டும் வசதியை அடுத்துப் பார்க்கலாம். பழைய வின்செஸ்டர் 94, 1895 ஆகியவற்றில் கூடு மேல்நோக்கித் தெறிப்பதால் ஸ்கோப்பைக் குழலுக்கு நேர்மேலே வைப்பது சிரமம். சாவேஜ் 99-இல் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் அதன் தயாரிப்பு 1990-களின் இறுதியில் நின்றுபோனதால் பழையதைத்தான் தேட வேண்டும். வாங்கியபின் தரையில் முட்டாமல் நெம்புகோலை இயக்கப் பழக வேண்டும்: உட்கார்ந்தோ, முதுகுப்பையின் மேல் சாய்த்தோ, ரைஃபிளைச் சற்றே பக்கவாட்டில் சரித்தோ. அந்தப் பழக்கம் கைகூடும்வரை, ரைஃபிள் எட்டும் தூரம் முழுவதும் அவருக்கு உரியதாகாது.