கத்திவாக்கம் - ஆற்றோர நகராட்சி ஒன்று மாநகராட்சிக்குள் போன கதை

எண்ணூர் என்றதும் புகைபோக்கி, கன்டெய்னர் லாரி, சாம்பல் இவைதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால் இந்தப் பகுதிக்கென்று 2011 வரை தனியாக ஒரு நகராட்சி இருந்தது, அதன் பெயர் கத்திவாக்கம் என்பது சென்னைவாசிகளிலேயே பலருக்குத் தெரியாது.

கிழக்கே வங்கக்கடல், தெற்கே திருவொற்றியூர், வடக்கே கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம். நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம் என்று பல ஊர்ப் பெயர்கள் குப்பத்தில்தான் முடியும். கடலில் மீன், ஆற்றில் இறாலும் நண்டும். இந்த இரண்டையும் நம்பித்தான் இங்கே பிழைப்பு. உப்பளங்களும் இருந்தன. 1806ல் பாசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்டினார். பின்னாளில் பக்கிங்காம் கால்வாய் ஆனது அதுதான். கம்பெனி காலத்து வெள்ளைக்காரர்கள் காற்று வாங்க வந்து தங்கிய இடம் எண்ணூர் என்றால் இன்று நம்புவது கஷ்டம்!

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. 1948ல் அசோக் மோட்டார்ஸ் (இன்றைய அசோக் லேலண்ட்) வந்தது. 1970ல் எண்ணூர் அனல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 450 மெகாவாட் திறன் கொண்ட அந்த நிலையம் 2017ல் மூடப்பட்டது. தொழிற்சாலைகள் வேலை கொடுத்தன. கழிவையும் கொடுத்தன.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சென்னை நகரம் இந்த ஆற்றைத் தேடி வந்தது 2011ல் அல்ல. 1940ல் சத்தியமூர்த்தி மேயராக இருந்தபோதே நகரத்தின் குடிநீருக்காக பூண்டியில் இதே கொசஸ்தலையின் குறுக்கே அணை கட்டத் தொடங்கினார்கள். 1944ல் நீர்த்தேக்கம் பயன்பாட்டுக்கு வந்தது. அதாவது ஆற்றின் தண்ணீரை முதலில் எடுத்துக்கொண்ட நகரம், சுமார் 70 வருடம் கழித்து அதன் முகத்துவாரத்தையும் சேர்த்துக்கொண்டது.

2011 அக்டோபரில் 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி என 42 உள்ளாட்சி அமைப்புகள் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தன. 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 ஆனது. 155 வார்டு 200 ஆனது. கத்திவாக்கமும் திருவொற்றியூரும் சேர்ந்து முதல் மண்டலம் ஆயின. அந்த மண்டலத்துக்கு 14 வார்டுகள்.

இரண்டு கம்பெனிகள் இணையும்போது சொத்து, கடன் இரண்டுமே புதிய கம்பெனிக்குப் போகும் என்று காமர்ஸ் படிப்பவர்களுக்குத் தெரியும். பழைய பங்குதாரருக்கு எத்தனை பங்கு கிடைத்தது என்பதும் முக்கியம். அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்க்கலாம்.

வரவு: பெரிய திட்டங்களுக்குப் பணம். கொசஸ்தலை வடிநிலப் பகுதியில் மழைநீர் வடிகால் கட்ட ஆசிய வளர்ச்சி வங்கியுடன் 2021ல் 25.1 கோடி டாலர் கடனுக்கு ஒப்பந்தம் ஆனது. ஒரு சின்ன நகராட்சியால் இவ்வளவு பெரிய கடனை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

செலவு: தலைவர், மன்றம் என்று ஊருக்குள்ளேயே இருந்த அதிகாரம் ரிப்பன் மாளிகைக்குப் போனது. இரண்டு நகராட்சி மன்றங்கள் இருந்த இடத்துக்கு இப்போது 200ல் 14 குரல்கள். அதுவும் 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி தேர்தல் வரை கவுன்சிலரே கிடையாது, தனி அதிகாரி ஆட்சிதான். சொத்து வரி சென்னைக்கு, வருவாய்த்துறை வேலைக்கு திருவள்ளூர் மாவட்டம் என்ற குழப்பமும் 2018 வரை நீடித்தது.

சரி, ஆறு யார் கணக்கில் வருகிறது? தென்கரை மாநகராட்சியில் இருக்கிறது. காமராஜர் துறைமுகமும் வடசென்னை அனல் மின் நிலையமும் உள்ள வடகரை திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஆற்றைப் பார்ப்பது பொதுப்பணித்துறையிலிருந்து பிரிந்த நீர்வளத்துறை. ஆலைக் கழிவைக் கண்காணிப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் முகத்துவாரம் வரை பரவியது. வலையும் படகும் பாழாகின. மணலியும் 2011ல் இணைந்த நகராட்சிதான். எண்ணெய் கிளம்பிய இடம், வந்து சேர்ந்த இடம் இரண்டும் ஒரே மாநகராட்சிக்குள் இருந்தும் அதைத் தடுக்கும் அதிகாரம் மாநகராட்சியிடம் இல்லை. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பம் அருகே உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பலர் மருத்துவமனைக்குப் போனார்கள்.

ஆக, இணைப்பால் ரோடும் வடிகாலும் வரலாம். ஆனால் ஊரின் உண்மையான பிரச்சினையான ஆறு, பழைய நகராட்சியின் கையிலும் இல்லை, புதிய மாநகராட்சியின் கையிலும் இல்லை. வார்டு கமிட்டி, பகுதி சபைக்கான விதிகள் 2022ல் வந்துவிட்டன. அந்தக் கூட்டங்களில் தெருவிளக்கு, குப்பைத் தொட்டியோடு சேர்த்து ஆற்றைப் பற்றியும் பேசி, பதில் சொல்ல வேண்டிய துறைகளை அங்கே வரவழைத்தால், போன மன்றத்துக்கு ஈடாக ஊருக்குக் கொஞ்சமாவது திரும்பக் கிடைக்கும்.