பேச்சில் வாழும் சரித்திரம்



சரித்திரம் என்றதும் அரசர்களின் பெயர்களும் போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. கல்வெட்டிலும் செப்பேட்டிலும் இடம்பெறாத உழவர்களுக்கும் ஆயர்களுக்கும் சரித்திரம் இல்லையா? உண்டு. அது அவர்கள் பேசிய பேச்சில் தங்கியிருக்கிறது. நாமக்கல் சமவெளியிலும் அதனை அடுத்த சேலத்து மேற்குப் பகுதியிலும் வழங்கும் கொங்கு வழக்கைக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம். 1997-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. பேச்சு மட்டும் அந்த எல்லைக்கோட்டை அறியவில்லை.

எங்கள் பக்கத்து மூதாட்டி ஒருத்தி, "காட்டுக்குப் போயிருக்கிறார்" என்றால் வேட்டைக்குப் போனதாகப் பொருளன்று. மழையை நம்பிய புன்செய் நிலமே எங்களுக்குக் காடு. கிணற்று நீர் பாய்வது தோட்டம். ஆற்றுநீரோ ஏரிநீரோ பாய்வது வயல். ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரியும் ராஜவாய்க்காலின் கரையில் வயல் மிகுதி. அங்கிருந்து விலக விலகக் காடும் தோட்டமும் மிகுதி. நீர் எவ்வழி வந்தது என்பதை இம்மூன்று சொற்களே காட்டிவிடுகின்றன.

"கவலை ஓட்டுகிறார்" என்பது மற்றொரு தொடர். இக்கவலை மனத்துயர் அன்று. பிற இடங்களில் கமலை என்றும் கபிலை என்றும் கூறப்படும் நீரிறைவையே அது. மாடுகள் சரிவில் இறங்கும்போது வடக்கயிற்றில் கட்டிய சால் கிணற்றிலிருந்து மேலே வரும். அதன் தோல்வால் வழியாக நீர் தொட்டியில் கொட்டும். மாடுகள் பின்னோக்கி ஏறினால் சால் மீண்டும் கிணற்றுக்குள் இறங்கும். கோழி கூப்பிடத் தொடங்கும் இவ்வேலை வெயில் ஏறும்வரை நடக்கும். மின்சார இறைவை பரவிய பிறகு கவலை மறைந்தது. கருவி மறையவே, அதனைச் சுற்றியிருந்த சொற்களும் ஒவ்வொன்றாய் உதிர்ந்தன.

பழமொழிகளும் இவ்வாறே. "ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம்" என்று தமிழகமெங்கும் சொல்வதுண்டு. ஆட்டெரு விரைந்து பயன்தரும். மாட்டெரு மெல்ல மக்கும் என்பது பொருள். எங்கள் பக்கத்தில் காட்டிலே மூங்கிற் படல்களை நட்டுப் பட்டி அமைத்து, இரவில் ஆடுகளை அடைப்பார்கள். சில நாட்களில் படல்களைப் பெயர்த்து அடுத்த இடத்தில் நடுவார்கள். பட்டி நகர நகர நிலம் உரம் பெறும். அதைக் கண்ணாற் கண்டவனுக்கு அப்பழமொழி ஓர் அனுபவ உண்மை. காணாதவனுக்கு வெறும் எதுகை.

இவ்விடத்தில் என் பிழை ஒன்றைக் கூற வேண்டும். ஆசிரியப் பணியின் தொடக்கத்தில், ஒரு மாணவன் தன் கட்டுரையில் "அம்மாயி வீட்டுக்குப் போனேன்" என்று எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் அடித்துப் 'பாட்டி' என்று திருத்தினேன். அவன், "ஐயா, அது அப்பத்தா இல்லைங்க, அம்மாயிங்க" என்றான். நான் அவனை அமரச் சொன்னேன். அவன் கூறியதே சரி என்று விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. தந்தையின் பெற்றோர் அப்பாரு, அப்பத்தா. தாயின் பெற்றோர் அப்பச்சி, அம்மாயி. நால்வருக்கு நான்கு சொற்கள் உடைய பேச்சை, இரண்டே சொற்கள் உடைய ஏட்டுத்தமிழால் நான் திருத்தினேன்! செட்டிநாட்டில் அப்பச்சி என்றால் தந்தை என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

நம் இலக்கண ஆசிரியர்கள் என்னினும் பரந்த நோக்கினர். தொல்காப்பியம் திசைச்சொல்லையும் செய்யுளுக்குரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாக ஏற்றது. பின்னாளில் பீட்டர் பெர்சிவல் பாதிரியார் 1842-இல் யாழ்ப்பாணத்திலும், 6,000-க்கு மேற்பட்டவற்றை விரித்து 1874-இல் சென்னையிலும் பழமொழித் தொகுதிகளை வெளியிட்டார். கரிசல் வட்டாரச் சொற்களைக் கி. ராஜநாராயணன் அகராதியாக்கினார். திருச்செங்கோட்டுப் பகுதியைச் சேர்ந்த பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொல்லகராதியை 2000-இல் அளித்தார்.

எனினும் எந்த அகராதியும் முழுமை பெறுவதில்லை. மாணவர்களே, தேர்வுக்கு ஏட்டுத்தமிழில் எழுதுங்கள். அது உங்கள் கடமை. ஆனால் விடுமுறையில் ஒரு குறிப்பேட்டுடன் உங்கள் அம்மாயியின் அருகில் அமருங்கள். அவர் சொல்லும் சொல்லையும், அச்சொல்லுக்குரிய பொருளையும், அதைக் கேட்ட ஊரையும் நாளையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: அவர் பேச்சைத் திருத்தாதீர்கள்.