மூச்சு வாங்கும் வண்டிகள்

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைப் பக்கம் மலை தொடங்கும் வரை வண்டி சொன்ன பேச்சு கேட்கும். அதற்கு மேல் வளைவுக்கு வளைவு சத்தம் மாறும். மூன்றாம் கியரில் இழுத்த பழைய நூறு சிசி வண்டி இரண்டுக்கு இறங்கும், அடுத்த கொண்டை ஊசியில் ஒன்றுக்கு இறங்கும். பின்னால் புகை கறுக்கும். “வண்டி மூச்சு வாங்குது” என்பார்கள். உவமைக்குச் சொல்வதில்லை, நடப்பதே அதுதான்.

கல்வராயன் மலையின் பெரும்பகுதி 2000 அடியிலிருந்து 3000 அடி உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் அடி ஏறினால் காற்றின் அடர்த்தி நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பங்கு குறையும். கள்ளக்குறிச்சி கடைவீதியில் பதமாக இருந்த பெட்ரோல்-காற்றுக் கலவையில், மலைமேல் உள்ள வெள்ளிமலை போய்ச் சேர்வதற்குள் பெட்ரோல் கை ஓங்கிவிடும். அதனால் பிளக் கரி பிடிக்கும், மைலேஜ் குறையும், இழுவை போகும். இன்றைய வண்டியில் இதைக் கணக்குப் பார்க்க ஒரு சின்னக் கணினி இருக்கிறது. கார்புரேட்டர் வண்டியில் அந்தக் கணக்கை மெக்கானிக்கின் காதுதான் போட்டது.

மோட்டார் சைக்கிள் இந்த மலைக்கு வந்தது வெகு பிந்தி. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வரை கல்வராயன் மலை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்களாகப் பிரிந்து கிடந்த மலை 1976-இல்தான் அரசு நிர்வாகத்துக்குள் முழுமையாக வந்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை எல்லாமே அதற்குப் பிறகு மெல்ல மெல்ல ஏறியவை. 2024-இல் இம்மலை மக்களின் அடிப்படை வசதிகள் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தபோதுகூட, சாலையும் போக்குவரத்தும் பேச்சில் இருந்தன. பேருந்து எட்டாத ஊருக்குக் கடுக்காய் மூட்டையோ காய்ச்சல்காரப் பிள்ளையோ எதுவானாலும் இருசக்கர வண்டிதான் கதி. அந்த வண்டி நடுவழியில் நின்றால் அது வெறும் வண்டிக் கோளாறாக இருக்காது.

வண்டிகளின் வரவைப் பார்த்தால் மூன்று அலைகள் தெரிகின்றன. முதலில் புல்லட். சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து என்ஃபீல்டும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் புல்லட் உருவானது. ஊருக்கு ஒன்றிரண்டு பெரியவர்களிடம் மட்டும் இருந்த வண்டி அது. இரண்டாவது அலை சாமானியனுடையது. 1980-இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. பால்காரரும் துணி வியாபாரியும் கரும்பு விவசாயியும் சைக்கிளை விட்டு அதில் ஏறினார்கள். மூன்றாவது, ஜப்பானியக் கூட்டில் வந்த நூறு சிசி வண்டிகள். 1984-இல் இந்த்-சுசுகி ஏஎக்ஸ் 100, 1985-இல் ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே ஆண்டின் கடைசியில் யமஹா ஆர்எக்ஸ் 100. தொண்ணூற்றெட்டு சிசியில் பதினொரு குதிரைத் திறன் காட்டிய ஆர்எக்ஸ் 100 மலைப்பாதைக்கென்றே பிறந்தது போல ஏறியது. 1996-இல் அதன் உற்பத்தி நின்றது. நின்ற பிறகு அதன் மேல் இருந்த மோகம் கூடியதே தவிரக் குறையவில்லை.

இந்த எல்லா வண்டிகளின் வயிற்றிலும் இருந்தது கைக்குள் அடங்கும் ஓர் அலுமினியக் கருவி. பழைய வீடுகளில் கொசு மருந்து அடிக்கும் ஃப்ளிட் பம்பு நினைவிருப்பவர்களுக்குக் கார்புரேட்டரைப் புரியவைப்பது எளிது. பம்பைத் தள்ளினால் குழாய் வாயில் காற்று வேகமாகப் பாயும். அந்த வேகத்தில் அங்கே அழுத்தம் குறைந்து, டப்பாவில் இருக்கும் மருந்து மேலே உறிஞ்சப்பட்டுத் தூவலாகச் சிதறும். வேகமாகப் பாயும் இடத்தில் அழுத்தம் குறையும் என்பதை இத்தாலிய அறிஞர் வென்சூரி 1797-இல் எழுதி வைத்தார். அதே வழியில் எரிபொருளைத் தூவும் கார்புரேட்டருக்கு 1893-இல் புடாபெஸ்டில் பாங்கி, சோங்கா என்ற இரு பொறியாளர்கள் காப்புரிமை கேட்டார்கள். அதே காலத்தில் ஜெர்மனியில் மேபாக்கும் அப்படி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். நம் பக்கத்துக்கு அது பிர்மிங்காமின் அமல் கார்புரேட்டராக வந்தது. எண்பதுகளில் ஜப்பானின் மிக்குனியோடு கைகோத்த யூகால் நிறுவனம் சென்னையை அடுத்த மறைமலைநகரில் கார்புரேட்டர் செய்யத் தொடங்கியது. புல்லட்டில் ‘மிக்கார்ப்’ என்று பொறித்து வந்தது இந்த வழி வந்ததுதான்.

தொழிற்சாலை தன் சோதனைச் சாலையின் காற்றுக்கும் தூசுக்கும் பெட்ரோலுக்கும் ஏற்ப ஓர் அளவு வைத்து அனுப்பும். கள்ளக்குறிச்சிக் காற்று அது இல்லை. அறுவடைக் காலத்தில் சின்னசேலம் பக்கம் போனவர்களுக்கு இது தெரியும். தார்ச்சாலையில் பாதி வரை மக்காச்சோளம் காயும். போகிற வருகிற லாரி அதன் சக்கையைக் கிளப்பிவிடும். அரைவைக் காலத்தில் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கும் கச்சிராயபாளையம் ஆலைக்கும் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டும்போது செம்மண் புழுதி எழும். அரிசி ஆலைப் பக்கம் உமித்தூசு. இத்தனையும் வண்டியின் மூக்கில்தான் ஏறும். அந்த மூக்குதான் ஏர் ஃபில்டர்.

ஆர்எக்ஸ் 100 போன்ற வண்டிகளில் ஃபில்டர் என்பது எண்ணெய் நனைத்த ஒரு பஞ்சு நுரை. கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, உள்ளங்கையில் வைத்து அமுக்கிப் பிழிவார்கள். துணி மாதிரி முறுக்கக் கூடாது, முறுக்கினால் கிழியும். காயவைத்து, எண்ணெயில் தோய்த்து, மிச்சத்தை அமுக்கி எடுத்துவிட்டு மாட்ட வேண்டும். எண்ணெய்ப் பசைதான் தூசைப் பிடித்து நிறுத்துகிறது. இந்தக் கடைசி வேலையைச் சோம்பலில் விட்டவர்கள் வெறும் நுரையை மாட்டிப் புழுதியை நேரே உள்ளே அனுப்பினார்கள். காகித ஃபில்டர் வந்த பிறகு இந்தக் கைவேலை குறைந்தது. அடைத்தால் புதிது மாற்ற வேண்டியதுதான். தட்டித் தட்டி ஓட்டுவது ஒரு எல்லை வரைதான் ஓடும்.

அடைத்த ஃபில்டரின் குறியும் மலை ஏறுவதன் குறியும் ஒன்றே. இரண்டிலும் காற்று குறைகிறது, பெட்ரோல் மிஞ்சுகிறது. இங்கேதான் கற்றவனும் கல்லாதவனும் பிரிவார்கள். கறுத்த புகையைக் கண்டதும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கார்புரேட்டரில் கை வைப்பவன் அரைகுறை. முதலில் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்ப்பவன் தொழில் தெரிந்தவன். ஃபில்டரையே கழற்றிப் போட்டு “பிக்கப் வருது பாரு” என்று கிளம்பிய இளவட்டங்களும் உண்டு. ஆறு மாதத்தில் பிஸ்டன் ரிங் தேய்ந்து, சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போர் அடிக்கப் பட்டறைக்கு வருவார்கள். அழகான வண்டிகள் பல இப்படிப் பாழானதை நினைத்தால் இன்றும் மனம் கேட்பதில்லை.

டியூனிங் என்ற அந்தச் சடங்கைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வண்டியை ஒரு சுற்று ஓட்டி, சூடேற்றிக் கொண்டு வருவார்கள். குளிர்ந்த இன்ஜினில் வைக்கும் அளவு பொய். பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரை இறக்கி, அடிக் கிண்ணத்தின் திருகுகளைக் கழற்றினால் பித்தளை மிதவை தொங்கும். கிண்ணத்தின் அடியில் சந்தன நிறத்தில் வண்டல். பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார் மெக்கானிக். ஊசி முனை அளவுத் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். அடைத்திருந்தால் கரண்டு ஒயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவி நுழைப்பார். இரும்புக் கம்பி விட்டால் அடி விழும். பித்தளைத் துளை இம்மி பெரிதானாலும் வண்டி ஆயுளுக்கும் பெட்ரோல் குடிக்கும்.

பனியன் வேஸ்ட்டால் துடைத்து மாட்டிய பிறகுதான் கச்சேரி. ஏர் ஸ்க்ரூவை மெதுவாகக் கடைசி வரை உள்ளே திருகுவது, முட்டியதும் நிறுத்துவது, பிறகு ஒன்றரைச் சுற்று வெளியே விடுவது. அங்கிருந்து கால் கால் சுற்றாக முன்னும் பின்னும். சத்தம் எந்த இடத்தில் ஏறி நிற்கிறதோ அங்கே விட்டுவிட்டு, ஐடிலிங் ஸ்க்ரூவால் வேகத்தை இறக்குவார்கள். “அண்ணே, மிஸ்ஸிங் கேக்குது” என்று பையன் சொன்னால், “நீ சொல்லாத, பிளக்கு சொல்லட்டும்” என்பது பட்டறையில் வழக்கமான பதில். ஓட்டிவந்து பிளக்கைக் கழற்றினால் காப்பித்தூள் நிறம் இருக்க வேண்டும். கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம், சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் காற்று அதிகம். கரி காசைத் தின்னும், வெளுப்பு பிஸ்டனைத் தின்னும்.

மலைக்குத் தினமும் போகிறவருக்கு வேறு கணக்கு. ஏர் ஸ்க்ரூவை இன்னும் கொஞ்சம் வெளியே திறந்துவிட்டால் அடங்கிய ஓட்டத்தில் காற்று கூடும். போதாதென்றால் கார்புரேட்டருக்குள் இருக்கும் ஊசியின் கிளிப்பை ஒரு வெட்டு மேலே ஏற்றுவார்கள். அப்போது ஊசி இறங்கி, நடுத்தர ஓட்டத்தில் பெட்ரோல் குறையும். முழு ஆக்சிலேட்டரில் திணறினால் மெயின் ஜெட்டில் ஒரு எண் குறைத்துப் போடுவது. ஆனால் அதே வண்டியோடு சமவெளிக்கு இறங்கி உளுந்தூர்பேட்டை வரை முறுக்கினால் கலவை காற்றாகி இன்ஜின் கொதிக்கும். கீழேயும் மேலேயும் ஓடுபவருக்கு இடைப்பட்ட ஓர் அளவைத் தேடிக் கொடுப்பதில்தான் கைத்திறன் இருந்தது.

இறக்கம் தனிப் பாடம். டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு எண்ணெய் பெட்ரோலோடுதான் போகிறது, அல்லது ஆக்சிலேட்டரைப் பார்த்து ஊற்றும் பம்பு வழியாகப் போகிறது. கியரில் விட்டு, ஆக்சிலேட்டரை முழுக்க மூடி நீளமாக இறங்கினால் பெட்ரோலோடு எண்ணெயும் வற்றிவிடும். பிஸ்டன் காய்ந்து பிடிக்கும். பழகியவர்கள் இறக்கத்தில் அவ்வப்போது கிளட்ச்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு வருவார்கள். மலையடிவாரத்தில் நின்று கேட்டால், மேலிருந்து விட்டு விட்டு வரும் அந்த உறுமல் வண்டி தெரியும் முன்பே காதில் விழும்.

மாற்றம் 2006-லேயே எட்டிப் பார்த்தது. ஹீரோ ஹோண்டா கிளாமரில் எரிபொருளை ஊசியாகப் பீய்ச்சும் ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் வந்தது. விலை கூடுதல் என்பதால் அப்போது பெரிதாகப் பரவவில்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், பிஎஸ்-4 என்ற பழைய புகை அளவுக்குச் செய்த வண்டிகளை 2020 ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது என்று சொன்னது. அடுத்து வந்த பிஎஸ்-6 அளவுகளைக் கார்புரேட்டரால் எட்டுவது அரிது. மூட்டை சுமக்கும் டிவிஎஸ் எக்ஸ்எல் 100 வரை இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. உயரத்துக்கு ஏற்பக் கலவையைத் தானே திருத்திக்கொள்ளும் வண்டி இப்போது வெள்ளிமலைக்குப் புகையில்லாமல் ஏறுகிறது. மலைக் காற்றுக்கு அது நல்லதே. ஆனால் பட்டறைப் பையன் இனி ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கக் கற்க வேண்டியதில்லை. ஸ்கேனரைச் செருகி எண்ணை வாசிக்கக் கற்றால் போதும்.

மிச்சமிருக்கும் பழைய வண்டிகளுக்குப் புதிதாக ஒரு கணக்கும் சேர்ந்திருக்கிறது. பெட்ரோலில் இப்போது இருபது விழுக்காடு எத்தனால். கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் வடிப்பது. கள்ளக்குறிச்சி மாவட்டம் விளைவிக்கும் அதே இரண்டு பயிர்கள். சாலையில் காய்ந்து ஃபில்டரை அடைத்த சோளம், இப்போது கார்புரேட்டருக்குள்ளேயே வருகிறது. எத்தனாலுக்குள் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால், பழைய ஜெட்டில் கலவை காற்றுப் பக்கம் சாய்கிறது. பழைய ரப்பர் வாஷர்கள் ஊறிப் போகின்றன. எத்தனால் ஈரத்தையும் இழுப்பதால், மாதக்கணக்கில் நின்ற வண்டியின் கிண்ணத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. மலைக்கென்று காற்றைத் திறந்துவிட்ட அதே ஏர் ஸ்க்ரூவை, இந்தப் பெட்ரோலுக்காக மெக்கானிக் இப்போது கால் சுற்று உள்ளே திருகுகிறார். பிறகு பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்கிறார்.