முதுகெலும்பு நேராக இருக்க வேண்டுமா? அதன் நான்கு வளைவுகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

பினாங்கில் பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் புலாவுக்குப் போகும் துன் சர்டோன் சாலையில் பயணம் செய்திருக்கிறீர்களா? மலையில் வளைந்து வளைந்து போகும் சாலை அது. நேராகப் போட்டிருந்தால் அந்த மேட்டில் வண்டி ஏறுவதே சிரமம். வளைவு அங்கே குறை இல்லை, தேவை.

உங்கள் முதுகெலும்பும் அப்படித்தான். “நேரா உட்காரு” என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால், பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஆரோக்கியமான முதுகெலும்பு ஒருபோதும் நேர்க்கோடாக இருக்காது.

எத்தனை வளைவுகள்?

மொத்தம் நான்கு. கழுத்தில் 7 எலும்புகள் முன்பக்கமாக வளைந்திருக்கும். மார்புப் பகுதியில் 12 எலும்புகள் பின்பக்கமாக வளையும். கீழ்முதுகில் 5 எலும்புகள் மீண்டும் முன்பக்கம். அதற்குக் கீழே, ஒன்றாக இணைந்த இடுப்பு எலும்புகள் பின்பக்கம்.

பிறந்த குழந்தையின் முதுகு ஒரே வளைவாகத்தான் இருக்கும். தலை நிற்கும்போது கழுத்து வளைவும், உட்கார்ந்து நடக்கப் பழகும்போது கீழ்முதுகு வளைவும் தெளிவாக உருவாகின்றன.

வளைவு எதற்கு?

நடக்கும்போதும் குதிக்கும்போதும் ஏற்படும் அதிர்ச்சியை ஸ்பிரிங் போலத் தாங்குவதற்கு. எலும்புகளுக்கு இடையே உள்ள டிஸ்க்குகளும் இதற்கு உதவுகின்றன. பெரியவர்களின் டிஸ்க்கில் இரத்தக் குழாய்கள் மிகக் குறைவு. உடல் அசையும்போதுதான் அதற்குச் சத்து நன்றாகப் போய்ச் சேரும். மணிக்கணக்கில் அசையாமல் இருந்தால் முதுகு இறுகிப்போகலாம்.

கைப்பேசி என்ன செய்கிறது?

தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. அதை 60 பாகை குனிந்தால் கழுத்தின் மீது 27 கிலோ வரை பாரம் விழலாம் என 2014-இல் வெளிவந்த ஒரு கணினி மாதிரிக் கணக்கீடு சொன்னது. குனிந்த உடனே கழுத்து கெட்டுவிடும் என்று இதற்குப் பொருள் இல்லை. அப்படியே நீண்ட நேரம் இருப்பதுதான் பிரச்சினை.

டுரியான் பருவத்தில் பாலிக் புலாவ் தோட்டங்களில் உதவி செய்பவரா நீங்கள்? சரிவில் கூடையைத் தூக்கும்போது முழங்காலை மடக்குங்கள், கூடையை உடலோடு ஒட்டிப் பிடியுங்கள், தூக்கியபடி இடுப்பைத் திருப்பாதீர்கள்.

பக்கவாட்டில் வளைந்தால்?

இதுதான் கவனிக்க வேண்டியது. முதுகெலும்பு பக்கவாட்டில் 10 பாகைக்கு மேல் வளைந்தால் அது ஸ்கோலியோசிஸ். 10 முதல் 18 வயதுக்குள் அதிகம் தெரியவரும். பெண் பிள்ளைகளுக்கு அது தீவிரமாகும் வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் வலி இருக்காது. தளர்வான பாஜு கூரோங்குக்குள் வெளியிலும் தெரியாது. பள்ளிப்பையோ உட்காரும் விதமோ இதற்குக் காரணம் இல்லை. யாரையும் திட்ட வேண்டாம்.

வீட்டிலேயே பார்க்கலாம். கால்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல் முன்னால் குனியச் சொல்லுங்கள். முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தாலோ, தோள்கள் ஏறி இறங்கி இருந்தாலோ அரசாங்க கிளினிக்கில் காட்டுங்கள். வளரும் வயதில் கண்டுபிடித்தால் முதுகுக் கவசம் பலன் தரும். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், கவசம் அணிந்தவர்களில் 72 விழுக்காட்டினருக்கு வளைவு அறுவை சிகிச்சை அளவுக்குப் போகவில்லை. அணியாதவர்களில் அது 48 விழுக்காடு. வளர்ச்சி முடிந்துவிட்டால் கவசத்துக்கு வேலை இல்லை.

தினமும் என்ன செய்யலாம்?

• 30 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்கள்.
• கைப்பேசியைக் கண்ணுக்கு நேராக உயர்த்துங்கள்.
• பையை இரண்டு தோளிலும் மாட்டுங்கள்.
• நீச்சல், சைக்கிள், நடை என எது பிடிக்குமோ அதைச் செய்யுங்கள்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியது எப்போது?

முதுகுவலியோடு கால் மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ காத்திருக்காதீர்கள். அது அவசரம்.

மற்ற நாட்களில் முதுகை விறைப்பாக வைத்துக்கொள்ள வேண்டாம். அசைய விடுங்கள், போதும்.