கடல்கோள்
சுனாமிக்குத் தமிழாகச் சிலர் ‘கடல்கோள்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘கொள்’ என்ற வினை நீண்டு ‘கோள்’ ஆனது. எடுத்துத் தனதாக்கிக்கொள்வது என்று பொருள். கொள்ளை, கொள்முதல் எல்லாம் அதன் உறவுச் சொற்கள். பாண்டிய நாட்டைக் கடல் கொண்டதாக இறையனார் களவியல் உரை சொல்வதும் இப்பொருளில்தான். ஆனால் சுனாமி வந்து திரும்பிவிடும். அதற்கு ‘ஆழிப்பேரலை’ போதும். கடல் நிலத்தைத் தனதாக்கிக்கொள்வது வேறு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் நீருக்கடியில் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததில் அலையைத் தடுக்கும் அரண் போனது. புவி சூடேறக் கடல்மட்டமும் உயர்கிறது. தூத்துக்குடி அருகே வான் தீவைக் காக்கச் செயற்கைப் பவளத்திட்டுகளைக் கடலடியில் இறக்கியிருக்கிறார்கள். இப்படி நிலம் மெல்ல மெல்லப் பறிபோவதற்கே ‘கடல்கோள்’ என்ற சொல்லை நாம் வழங்க வேண்டும்.