உத்திரமேரூர் வாரியங்களும் வேளாண் கண்காணிப்பும்: கி.பி. 919, 921 கல்வெட்டுகளை முன்வைத்து

முன்னுரை

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) பெரும்பாலும் குடவோலைத் தேர்தல் முறைக்குச் சான்றாகவே எடுத்தாளப்படுகின்றன. தேர்வு பெற்றோர் ஆற்றிய பணியின் தன்மை அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. ஏரி, தோட்டம் ஆகியவற்றைக் கண்காணித்தோரை ஊர் எவ்வாறு கண்காணித்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வாரியங்களின் அமைப்பு

உத்திரமேரூர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்புக்கு ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியத்திலும் 12 பேர் தோட்ட வாரியத்திலும் 6 பேர் ஏரி வாரியத்திலும் இடம்பெற்றனர். பஞ்சவார வாரியமும் பொன் வாரியமும் தனியே அமைந்தன. பதவிக்காலம் 360 நாட்கள். தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் முன்பு செய்தோர், கல்வியிலும் வயதிலும் மூத்தோர் ஆகியோரைச் சம்வத்சர வாரியத்திற்குக் கொள்ள வேண்டும் என்று 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு விதிக்கிறது. நீரையும் நிலத்தையும் நேரில் மேற்பார்த்த பட்டறிவு உயர்பொறுப்பிற்குரிய தகுதியாக மதிக்கப்பட்டமை இதனால் புலப்படும். வயிரமேக தடாகம் என்னும் பேரேரியை நம்பி வாழ்ந்த ஊருக்கு இது இயல்பானதே.

இரண்டாண்டுகளில் நேர்ந்த மாற்றம்

919ஆம் ஆண்டு ஏற்பாட்டில் வயது வரம்பு 30 முதல் 60 வரை. 921இல் அது 35 முதல் 70 வரை என மாறியது. கடந்த மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் மீண்டும் வரலாகாது என்பது இரண்டிற்கும் பொது. முந்தைய ஏற்பாடு பதவி விலகியோரின் நெருங்கிய உறவினரை விலக்கியது. பிந்தையதோ வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் விலக்கியது. தடை உறவிலிருந்து குற்றத்திற்கு நகர்ந்திருக்கிறது. பணியில் இருக்கும்போதே குற்றம் காணப்பட்டவரை நீக்கவும் விதி செய்யப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் விதிகள் இவ்வளவு திருத்தப்பட்டமையால், கணக்கு ஒப்படைப்பில் சிக்கல் எழுந்திருக்கலாம் என்று ஊகிக்க இடமுண்டு.

வரம்புகள்

எனினும் இதனை மக்களாட்சி என்று பொதுமைப்படுத்துதல் பொருந்தாது. உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், தன் மனையில் வீடும், வேதக் கல்வியும் உடைய ஆடவரே தகுதி பெற்றனர். வேதம் ஒன்றும் அதன் பாடியமும் கற்றவருக்கு அரைக்கால் வேலி போதும் எனத் தளர்வு அளிக்கப்பட்டது. நிலமற்ற உழுகுடிகளுக்கும் பெண்களுக்கும் குடத்தில் ஓலை இல்லை. ஏரிநீரால் விளைவித்தவர்கள் அந்நீரின் மேலாண்மையில் குரலற்றவர்களாகவே இருந்தனர்.

முடிவுரை

இன்றைய வேளாண் ஆய்வாளர் அரசால் அமர்த்தப்படும் ஊதியப் பணியாளர். வாரியத்தாரோ ஊர்ச் சபையின் உறுப்பினர். ஆகவே இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. ஆயினும் கண்காணிப்பவரும் கணக்கிற்குக் கட்டுப்பட்டவரே என்னும் நெறியைக் கல்லில் பொறித்தமை உத்திரமேரூரின் சிறப்பாகும். அந்நெறி யாருக்கு நன்மை தந்தது, யாரை விலக்கி வைத்தது என்னும் வினாக்களை இணைத்துக் காணும்போதே இக்கல்வெட்டுகளின் முழுப்பொருள் விளங்கும்.